கோமாளி முறை சொன்ன வாசல்கள்

என்னோடு ஒரே வாங்கில் உட்கார்ந்து படித்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேர் இந்தியாவுக்குக் கப்பலேறிப் போய்விட்டீர்கள். மீதிப் பேர் எந்த டவுனில், எந்தக் கடைக்குப் பின்னால் குடியிருக்கிறீர்களோ தெரியாது. நமக்கெல்லாம் தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. நம் தேயிலைத் தோட்டத்தில் காமன் கூத்து எப்படி நின்றது என்று யாராவது கேட்டால், "சனங்களுக்கு ஆர்வம் போச்சு" என்று சொல்லி முடித்துவிடுவீர்கள். நானும் இத்தனை வருஷம் அப்படித்தான் சொன்னேன். அது பொய்.

போன மாதம் என் மகளுடைய பள்ளிக்கூடத்தில் நாடகம். அவளுக்குச் சந்தையில் சண்டை போடுகிற கீரைக்காரி வேஷம். "நீங்க படிச்சவங்க, ஒரு தடவை பார்த்துக் குடுங்க" என்று டீச்சர் நாடகப் பிரதியைக் கொடுத்தனுப்பினார். எனக்குப் பயந்த சுபாவம். மேடையேறிய பெண்ணை நாளைக்கு யார் என்ன சொல்வார்களோ என்று நினைத்து, பென்சிலை எடுத்து மூன்று வரிகளை அடித்துவிட்டேன். மகள் எட்டிப் பார்த்தாள். "இதுல என்னம்மா அசிங்கம்?" என்றாள். பிரதியை மூடி வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். அன்று முதல் எனக்குச் சரியான தூக்கமில்லை. அதே வயதில் அதே கேள்வியை நான் ஒருவரிடம் கேட்டிருக்கிறேன். எனக்கும் பதில் கிடைக்கவில்லை.

இலங்கைக்குச் சுதந்திரம் வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்கும். பிரஜாவுரிமைக் காகிதத்துக்காகப் பெரியவர்கள் நடையாய் நடந்த காலம். நம் தோட்டம் பூண்டுலோயாவுக்கு மேலே, பஸ் நிற்கிற இடத்திலிருந்து ஒரு மணி நேர ஏற்றம். மேல் லயம், கீழ் லயம் என்று இரண்டு வீட்டு வரிசைகள், இரண்டுக்கும் நடுவில் ஊற்றுத் தண்ணீர் விழுகிற ஒரு பீலி. பீலித் தண்ணீர் மேல் லயத்தாருக்கு. தப்பு அடிக்கிற சாதியார் கீழ் லயத்தில் இருந்தார்கள். அவர்கள் ஓடைக்குப் போய்த்தான் தண்ணீர் மொண்டார்கள். இதை யாரும் எழுதி ஒட்டவில்லை. துரைக்கே தெரியாது. நமக்கு நடக்கப் பழகும்போதே தெரிந்துவிட்டது.

என் அப்பா ஃபாக்டரியில் வேலை செய்தார். தொழிலாளர் சங்கத்துத் தலைவரும் அவர்தான். மேல் லயத்துக்காரர்தான் என்றாலும் கீழ் லயத்துக்குப் போனால் அவர்கள் கோப்பையில் தேத்தண்ணி வாங்கிக் குடிப்பார். அதை எல்லோரும் பார்க்கக் குடிப்பார். திரும்பி வந்ததும் அப்பத்தா அவர் மேல் தண்ணீர் தெளிப்பாள். அவர் சிரித்துக்கொண்டே துடைத்துக்கொள்வார். நல்ல மனிதர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு வருகிற எரிச்சலெல்லாம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. கெட்ட மனிதராக இருந்திருந்தால் எப்போதோ மறந்திருப்பேன்.

கோமாளியை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கீழ் லயத்துக்காரர். மற்ற நாளில் மலையில் மழைத்தண்ணீர் ஓடக் கான் வெட்டுகிறவர். மாசி மாதம் காமன் கம்பம் ஊன்றினால், கையில் காப்புக் கட்டிக்கொண்டு கோமாளியாகிவிடுவார். சாக்குக் கோணியில் ஒரு கோட்டு. பிஸ்கட் தகரத்தை வெட்டிய ஒரு தொப்பி. டர்பன்டைன் மரத்துக் காய்களைக் கோர்த்து ஒரு மாலை. அவர் குதிக்கும்போது அது கடகடவென்று சத்தம் போடும், கிட்டே வந்தால் தைல வாசனை அடிக்கும். முகத்தில் ஒரு பாதி அடுப்புக்கரி, மறு பாதி அரிசி மாவு.

ரதி, மதன் வேஷமெல்லாம் மேல் லயத்துக்கு. பெரிய கங்காணியின் தம்பி மகன்தான் மதன். தப்பும் கோமாளியும் கீழ் லயத்துக்கு. கூத்துக்கு முன்னால் வருகிற ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கோமாளி தப்புக்காரர்களோடு லயம் லயமாகச் சுற்றுவார். ஒவ்வொரு வாசலிலும் நின்று வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, கேலி பேசி, அரிசியோ தேங்காயோ வாங்கிக்கொண்டு போவார்.

எப்படிக் கூப்பிடுவார் என்பதுதான் விஷயம். மற்ற நாளில் மேல் லயத்துக் குழந்தையைக்கூட அவர் "நீங்க" என்பார். நாம் அவரை "நீ" என்போம். பத்து வயதில் நான் பாதையில் நின்று, "ஏய், அந்த மாங்காயப் பறிச்சுக் குடு" என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். அவரும் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பறித்துக் கொடுத்தார். காப்புக் கட்டிய நாளில் அதெல்லாம் தலைகீழாகிவிடும். அன்றைக்கு எல்லோரும் அவருக்கு உறவு. முறை சொல்லித்தான் கூப்பிடுவார். கோபித்துக்கொள்ளக் கூடாது, அது காமனுக்கு ஆகாது.

பெரிய கங்காணி வாசலில் போய் நிற்பார்.

"ஏ மச்சான்! பெரிய கங்காணி மச்சான்! பொண்ணு குடுத்த வீட்டுக்காரன் வெய்யில்ல நிக்கிறேன், ஒரு நாக்காலி எடுத்துப் போடத் தெரியல ஒனக்கு? எங்க அக்கா எங்க? அடிச்சு வெரட்டிட்டியா?"

சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். பெரிய கங்காணியும் சிரிப்பார், உதட்டால் மட்டும். அவசரமாக ஒரு தேங்காயை எடுத்துக் கொடுத்து அனுப்பிவிடுவார்.

எங்கள் வாசலில் என் அம்மாவுக்குத் தங்கச்சி முறை.

"தங்கச்சி, அண்ணன் வந்திருக்கேன். இந்தச் சங்கக்காரப் பய ஒனக்குச் சோறு போடுறானா, இல்ல நோட்டீசு போடுறானா? சரிப்படலன்னா சொல்லு. பொட்டிய எடு, பொறந்த வீட்டுக்குப் போவோம்."

"போறதுக்கு நான் ரெடிதாண்ணே. பொட்டிதான் இல்ல" என்பாள் அம்மா.

அம்மாவின் பிறந்த வீடு கடலுக்கு அந்தப் பக்கம். அவளுக்கு ஒரே அண்ணன். கடிதம் வருவது நின்று வெகுகாலம். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியும்; ஆனால் அதையும் கோமாளி சொல்கிற 'தங்கச்சி'யையும் சேர்த்துப் பார்க்கத் தெரியாது. அம்மா அன்று காலையிலிருந்தே நல்ல சேலை உடுத்திக்கொண்டு வாசலை ஒட்டிய இஸ்தோப்பில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். ஏன் என்று கேட்டதில்லை.

என்னை "மருமகளே" என்பார். "எம் மவனுக்கு ஒன்னத்தான் பேசி வச்சிருக்கேன். முன்னம்பல்லு ரெண்டும் மொளைக்கட்டும், தாலியச் செஞ்சிருவோம்." நான் உள்ளே ஓடிக் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்வேன். மறுநாள் பள்ளிக்கூடத்தில் நீங்களெல்லாம் என்னைக் கேலி செய்தீர்கள். மறந்திருப்பீர்கள்.

ஆபாசமும் இருந்தது. இல்லையென்று சொல்ல மாட்டேன். புருஷன் பெண்டாட்டி சமாசாரத்தையெல்லாம் அவர் கையாலும் இடுப்பாலும் காட்டுவார். பெண்கள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சிரிப்பார்கள். அதற்கு முந்திய வருஷம், கலியாணமாகி ஆறு வருஷமாகியும் பிள்ளையில்லாத ஒருத்தியின் வாசலில், விதை போடாத பாத்தியைப் பற்றி அவர் எதையோ சொல்ல, சனம் சிரித்துவிட்டது. அந்த அக்கா இரண்டு நாள் மலைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்தபோது முகம் வீங்கியிருந்தது. அப்பாவுக்கு அது தாங்கவில்லை. "இன்னொரு வருசம் இந்த அசிங்கம் நடந்தா நான் தலைவரா இருந்து என்னா பிரயோசனம்?" என்றார்.

இப்படித்தான் சீர்திருத்தம் தொடங்கியது. அப்பா, பள்ளிக்கூடத்து மாஸ்டர், பெரிய கங்காணி மூவரும் சேர்ந்து ஒரு கமிட்டி ஆனார்கள். கோமாளி பேசுவதை முதலில் எழுத்தில் கொண்டுவர வேண்டும், பிறகு ஆபாசமான இடங்களை அடிக்க வேண்டும், மிச்சத்தை மட்டும் பேச விட வேண்டும் என்று முடிவாயிற்று. எழுதுவது யார்? கோமாளிக்கு எழுத்துத் தெரியாது. மாஸ்டர் கையை விரித்துவிட்டார்.

"அந்த வார்த்தைய எல்லாம் எழுதுன கையால நான் எப்படிங்க நாளைக்கு ஆனா ஆவன்னா எழுதிப் போடுவேன்?"

அப்பாவுக்கு ஃபாக்டரியில் வேலை. அவர் எழுத்து அவருக்கே புரியாது. வகுப்பில் நல்ல கையெழுத்து எனக்கு. அப்பா சொன்னார்: "புள்ளைய எழுதச் சொல்லுவோம். அர்த்தம் தெரிஞ்சாத்தானே அசிங்கம்? அவளுக்கு ஒன்னும் ஒட்டாது."

மூன்று பெரியவர்கள் கூடி எடுத்த முடிவு அது. ஊர்க் குழந்தைகளின் காது கெட்டுப்போகிறது என்று ஆபாசத்தை ஒழிக்கப் புறப்பட்டு, அதை முழுதாக உட்கார்ந்து கேட்டு எழுதப் பத்து வயதுப் பெண்ணை அனுப்பினார்கள். அம்மா ஒரு வார்த்தை சொன்னாள்: "ஏங்க, பொம்பளப் புள்ளைய..." அப்பா காதில் வாங்கவில்லை. டவுனில் முஸ்லிம் நானா கடையில் நாற்பது பக்கக் கொப்பி ஒன்று வாங்கிக் கொடுத்தார்.

கோமாளி லயம் சுற்றுவதற்கு ஒரு வாரம் முந்திய ஞாயிற்றுக்கிழமை காலை, பள்ளிக்கூடக் கட்டடம். நான் உள்ளே மேசையில். கோமாளி உள்ளே வரவில்லை, கூப்பிட்டும் வரவில்லை. வெளியே நின்று ஜன்னல் கட்டையில் முழங்கையை ஊன்றிக்கொண்டார். வேஷமில்லாமல் அவ்வளவு கிட்டத்தில் அன்றுதான் பார்த்தேன். காதோரம் நரைத்திருந்தது. கான் வெட்டி வெட்டி இரண்டு கையும் மரக்கட்டை மாதிரி இருந்தன.

"பாப்பா, எழுதிக்கிறீங்களா?"

"ம், சொல்லு."

சொல்ல ஆரம்பித்தார். பெரிய கங்காணி வாசல், கணக்கப்பிள்ளை வாசல், எங்கள் வாசல். குரலை ஏற்றாமல், பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னார். ஒரு இடத்தில் நின்றுவிட்டார். தலையைச் சொறிந்தார்.

"அந்த எடத்துல ஒரு கோடு போட்டுக்கிங்க பாப்பா."

"கோடா? அங்க என்னா சொல்லுவ?"

"அது ஒன்னுமில்லிங்க. சும்மா ஒரு கோடு."

"அப்பா ஒன்னு விடாம எழுதச் சொன்னாரு."

"அப்பா சொல்லுவாங்க. நானும் ரெண்டு பொம்பளப் புள்ளைய வச்சிருக்கேனுங்க. கோடு போடுங்க."

நான் கோடு போட்டேன். பிறகு இன்னொரு இடத்தில், இன்னொரு இடத்தில். பிள்ளையில்லாத அக்காவின் வாசல் வந்தது. ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். மலை மேல் மஞ்சு இறங்கிக்கொண்டிருந்தது.

"அந்த வாசல்ல நான் வாயத் தொறக்கப் போறதில்லிங்க. கும்பிட்டுட்டு நகந்துருவேன். அப்பிடியே எழுதிக்கிங்க."

அப்படியே எழுதினேன்: 'இந்த வாசலில் பேச்சில்லை. கும்பிடு மட்டும்.'

யாரும் சொல்லாமல் அவரே தன்னைத் திருத்திக்கொண்டிருந்தார். ஆபாசத்தையும் எனக்காக அவரே நீக்கிவிட்டார். என் கொப்பியில் ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லை. கமிட்டி அடிப்பதற்கு எதுவுமே மிச்சமில்லை. கொப்பியை அந்த இடத்திலேயே மூடி வைத்திருந்தால் எல்லோருக்கும் வேலை முடிந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெரிய கங்காணி வீட்டு இஸ்தோப்பில் கமிட்டி கூடியது. நான் நின்று வாசித்தேன். அப்பா பென்சிலோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"ஏ மச்சான், பெரிய கங்காணி மச்சான், பொண்ணு குடுத்த வீட்டுக்காரன்..."

"நிப்பாட்டு" என்றார் பெரிய கங்காணி. வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். "அத எடுங்க தலைவரே."

அப்பா ஒரு நிமிஷம் பார்த்தார். அடித்தார்.

"எங்க அக்கா எங்க..."

"அதையும்."

அடித்தார். கணக்கப்பிள்ளை வாசலில் சம்பந்தி போயிற்று. அடுத்த வாசலில் மாமா, அத்தை. அப்பாவின் பென்சில் நிற்காமல் போனது. அதற்கு முன்னாலேயே, பெரிய கங்காணி வாசல் முடிவில் ஒரு கோடு வந்திருந்தது.

"இங்க ஒரு கோடு இருக்குங்க" என்றேன்.

"கோட்டுல என்னா?"

"தெரியாதுங்க. சொல்ல மாட்டேன்னுட்டான்."

அப்பாவின் வயதுக்காரரை அப்படித்தான் சொன்னேன். அங்கே உட்கார்ந்திருந்த யாருக்கும் அது உறுத்தவில்லை.

பெரிய கங்காணி வயிறு குலுங்கச் சிரித்தார். "எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்! அந்த எடத்துக்குத்தானே சனம் காத்துக்கிட்டிருக்கும்! அது கெடக்கட்டும்."

மாஸ்டர் தொண்டையைச் செருமினார். "இல்லிங்க, ஆபாசம்னு பாத்தா அந்தக் கோட்டுலதான்..."

"கூத்துன்னா கொஞ்சம் காரம் வேணாமா மாஸ்டர்? எந் தம்பி மவன் மதன் வேசத்துல ரதியோட மாரையும் தொடையையும் பாடுறான், அத எடுக்கச் சொல்றீங்களா?"

"ஐயோ, அது புராணமுங்க."

"ஆங். அப்ப கோடும் கெடக்கட்டும்."

எங்கள் வாசல் வந்தது. 'தங்கச்சி, அண்ணன் வந்திருக்கேன்' என்று வாசித்தேன். பெரிய கங்காணிகூட வாயைத் திறக்கவில்லை. அப்பா தானாகவே அதை அடித்தார். அடுத்து 'மருமகளே'. அதையும் தானாகவே.

"இதுல என்னப்பா அசிங்கம்?" என்று கேட்டேன்.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. "வாசி" என்றார்.

வாசித்து முடித்ததும் அப்பா தன் காரியத்தை எடுத்தார். கூத்தைச் சுத்தம் செய்தாகிவிட்டது, இனிமேல் கீழ் லயத்தாரைத் தனியாக நிறுத்திச் சிரட்டையில் ஊற்றுவது எதற்கு, மன்மதன் உயிர்த்தெழுகிற அன்று எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார வேண்டும் என்றார். பல வருஷமாக அவர் கேட்டு வந்தது அது. பெரிய கங்காணி அடிபட்ட பக்கங்களைப் புரட்டிப் பார்த்தார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் அடித்த கோடு தெரியும்.

"சரி தலைவரே. அவன் வாயில மொறை வராம நீங்க பாத்துக்கங்க. பந்தி போட்டுக்கலாம்."

திரும்பி வரும்போது அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டார். நான் தூக்குகிற வயதைத் தாண்டியிருந்தேன். அவ்வளவு சந்தோஷம் அவருக்கு.

மறுநாள் கீழ் லயத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கோமாளி மண்வெட்டிக்குப் புதுப் பிடி செதுக்கிக்கொண்டிருந்தார். அவர் மனைவி அப்பாவுக்கு எனாமல் கோப்பையில் தேத்தண்ணி கொண்டுவந்தார். அப்பா எல்லோரும் பார்க்கக் குடித்தார். பிறகு திருத்திய கொப்பியை வாசித்துக் காட்டினார். கோமாளி செதுக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"கோடு போட்ட எடமெல்லாம் இருக்குங்களா?"

"இருக்கு. அது... பாத்துப் பேசு."

"மச்சான் இல்லிங்களா?"

"ஐயான்னு கூப்பிடு. என்னா கொறைஞ்சு போவுது?"

கோமாளி மண்வெட்டிப் பிடியைத் தடவிப் பார்த்தார். "மத்த நாளெல்லாம் ஐயான்னுதானுங்க கூப்பிடுறேன். அதுக்கு எதுக்குங்க தலைவரே வேசம்?"

அப்பா பந்தியைப் பற்றிச் சொன்னார். ஒரே வரிசை, ஒரே இலை, ஒரே பானைச் சோறு. இத்தனை வருஷத்தில் எந்தத் தோட்டத்தில் நடந்திருக்கிறது என்று கேட்டார்.

"சோறு எங்க வீட்லயும் இருக்குங்க" என்றார் கோமாளி. "நான் அந்த ஒரு நா பேசுறதுதான் எங்கயும் இல்ல."

அவர் மனைவி குறுக்கிட்டார். "தலைவரு நம்ம நல்லதுக்குத்தான் சொல்லுவாங்க. நம்ம பெரியவனுக்குப் பேர் பதிஞ்சு குடுத்தது யாரு? தொரைகிட்ட ஒத்தையில நின்னது யாரு?"

அது உண்மை. அவர்களுடைய மூத்த மகனைத் தோட்டத்து வேலையில் சேர்க்க அப்பா மூன்று மாதம் போராடினார். கோமாளி என்னைப் பார்த்தார், கொப்பியைப் பார்த்தார். "சரிங்க. தலைவரு சொன்னா சரிங்க" என்றார். அப்பா நிம்மதியாக மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. அந்த 'சரிங்க'வில் வேறெதுவும் அவர் காதில் விழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். தப்பைத் தீயில் காய்ச்சுகிற வாசனை லயம் முழுக்க வந்துவிட்டது. பிள்ளைகளெல்லாம் பெரிய கங்காணி வாசலுக்கு ஓடினோம். எப்போதும் போலத் தகரத் தொப்பி, கோணிக் கோட்டு, பாதிக் கரி, பாதி மாவு. கோமாளி மூன்று கரணம் போட்டு வாசலில் நின்றார். தப்பு நின்றது. எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு காத்திருந்தோம்.

"ஐயா. பெரிய கங்காணி ஐயா. கும்பிடுறேனுங்க."

யாரோ ஒருவர் சிரித்தார். இதற்குப் பின்னால் ஏதோ குறும்பு வரப்போகிறது என்று நினைத்துக் கூட்டம் இன்னும் கிட்டே நெருங்கியது. குறும்பு வரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு குனிந்து நின்றார். முகத்தில் கரியும் மாவும் மட்டும் இல்லாவிட்டால், வேலை கேட்டு வந்து நிற்கிறார் என்றுதான் நினைக்கத் தோன்றும். பிறகு, கொப்பியில் கோடு போட்ட இடத்துக்கு வந்தார். அந்த வார்த்தையைச் சொன்னார். அன்றைக்குத்தான் அது என்னவென்று எனக்குத் தெரிந்தது. ஆம்பளைகள் ஓ என்று சிரித்தார்கள். பெரிய கங்காணி முழு வாயால் சிரித்து இரண்டு தேங்காய் கொடுத்தார். ஆபாசம் ஒழிந்த கூத்தில் முதல் வாசலிலேயே அது நடந்தது. அப்பா கூட்டத்தின் ஓரத்தில் நின்று செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது வாசலிலேயே தப்பு தளர்ந்துவிட்டது. நாலாவது வாசலுக்குப் பிள்ளைகள் பாதிப் பேர் வரவில்லை. பிள்ளையில்லாத அக்காவின் வாசலில், சொன்னபடியே கும்பிட்டுவிட்டு நகர்ந்தார். அந்த அக்கா கதவுக்குப் பின்னால் பயந்துகொண்டு நின்றிருந்தாள். அவர் போன பிறகு வெளியே வந்து, போகிறவர் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதை என்னைத் தவிர யாரும் கவனிக்கவில்லை.

எங்கள் வாசல். அம்மா ஊதாச் சேலை உடுத்தியிருந்தாள். வழக்கத்தைவிடப் பெரிய தட்டு: அரிசி, தேங்காய், வெல்லம், ஒரு புது வேட்டித் துண்டு. அப்பா அவளிடம் எதையும் சொல்லியிருக்கவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை.

"அம்மா, கும்பிடுறேனுங்க" என்றார் கோமாளி.

அம்மா சிரிக்கத் தயாராக நின்றாள். அந்தச் சிரிப்பு முகத்தில் அப்படியே கொஞ்ச நேரம் இருந்தது.

"என்னாண்ணே, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். பிறகு தாழ்ந்த குரலில், "பொட்டி வாங்கி வச்சிருக்கேன்" என்றாள்.

கோமாளியின் வாய் அசைந்தது. அப்பா நிற்கிற பக்கம் ஒரு தடவை பார்த்தார். "நல்லா இருங்கம்மா" என்று சொல்லித் தட்டில் இருந்த அரிசியை மட்டும் கோணியில் கொட்டிக்கொண்டார். துண்டை எடுக்கவில்லை. என்னைக் கூப்பிடவே இல்லை. நான் அந்த வருஷம் கட்டிலுக்கு அடியில் ஒளியவில்லை. வாசற்படியில் தைரியமாக நின்றுகொண்டிருந்தேன்.

அம்மா உள்ளே போய்த் தட்டை எறிந்த சத்தம் பக்கத்துக் காம்பரா வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

"யாரக் கேட்டு எடுத்தீங்க?" என்றாள் அப்பாவிடம். "அந்தாளு என்னைத் தங்கச்சின்னது ஒங்களுக்கு அசிங்கமா? வருசத்துல ஒரு நா எனக்குன்னு வாசல்ல வந்து நிக்க ஒரு ஆளு. அதையும் கமிட்டி போட்டு எடுத்துட்டு வந்து நிக்கிறீங்க."

"நான் அவங்க நல்லதுக்குத்தான்டி..."

"என் நல்லதுக்கு ஒன்னும் செஞ்சுராதீங்க, கும்பிடுறேன்."

அப்பா பந்தியைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தார். அம்மா அடுப்பை ஊதப் போய்விட்டாள்.

அடுத்த வருஷம் நடந்ததையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கோமாளி காப்புக் கட்டவில்லை. மேல் லயத்துப் பையன் ஒருவன் கோமாளி வேஷம் போட்டான். வெறும் கோடுகளை மட்டும் பேசினான். சனம் சிரித்தது, பிறகு சலித்தது. அதற்கடுத்த வருஷம் கம்பம் ஊன்றவில்லை. ஆர்வம் போயிற்று என்று நாம் சொல்வது இதைத்தான்.

கொப்பி எழுதிய அந்த வருஷமே பந்தி நடந்தது. பெரிய கங்காணி கொடுத்த வாக்கை அவருக்குத் தெரிந்த விதத்தில் காப்பாற்றினார். காமனை எரித்த மூன்றாம் நாள், மன்மதன் உயிர்த்த அன்று பகல், கோயில் மைதானத்தில் வாழை இலை போட்டு ஒரே வரிசை. கீழ் லயத்திலிருந்து ஆம்பளைகளும் பெண்களும் குளித்து, வெளுத்த துணி உடுத்தி வந்து உட்கார்ந்தார்கள். மேல் லயத்திலிருந்து சின்னப் பிள்ளைகள் மட்டும் வந்தோம். பெரியவர்களுக்கு விரதமாம், வயிற்று வலியாம், மாடு கன்று போடுகிறதாம். பிள்ளைகளுக்குத் தீட்டு ஒட்டாது அல்லவா. பெரிய கங்காணி நாற்காலி போட்டுத் தூரத்தில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார். மேல் லயத்துப் பெரியவர்களில் இலைக்கு முன்னால் உட்கார்ந்தவர் அப்பா ஒருவர்தான். அவர் முகத்தில் வெற்றி இருந்தது. அதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

அப்பாவுக்கு அடுத்தது நான். எனக்கு அடுத்தது கோமாளி. கரியும் மாவும் கழுவிய முகம். சோற்றைப் பிசைந்து, தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எழுதியது நான், வாசித்தது நான். எதையாவது செய்து சரிப்படுத்திவிட வேண்டும் என்று இருந்தது. குழம்பு வாளி எங்களைத் தாண்டிப் போனது. அவர் இலையில் குழம்பு இல்லை.

"மாமா" என்றேன். சத்தமாகவே சொன்னேன். "மாமா, ஒங்களுக்குக் கொழம்பு வேணுங்களா?"

வரிசை முழுவதும் கை நின்றது. தூரத்தில் நாற்காலி கிறீச்சிட்டது. அப்பா அந்த நாற்காலியைத்தான் முதலில் திரும்பிப் பார்த்தார். பிறகு யாருக்கும் தெரியாமல் இடது கையைக் கொண்டுவந்து என் தொடையை அழுத்திக் கிள்ளினார்.

"பேசாம சாப்பிடு" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. "எல்லாம் கெட்டுரும்."

கோமாளி என் பக்கம் திரும்பினார். கண்ணில் ஒரு நொடி அந்த வாசல் சிரிப்பு வந்தது. வந்ததைப் பார்த்தேன், சத்தியமாகப் பார்த்தேன். பிறகு அவரும் நாற்காலியைப் பார்த்தார். இலையை லேசாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"போதுங்க பாப்பா" என்றார். "நீங்க சாப்பிடுங்க."